ஆட்டுக் கிடை

மாலைக் கதிரவன் மேற்றிசையில் சாயும் நேரம். புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியை அடுத்த சிற்றூர்களில், நிலக்கடலை பிடுங்கி முடிந்த செம்மண் கொல்லைகளை நோக்கிப் புழுதிப் படலம் ஒன்று மெல்ல நகர்ந்து வருவதைக் கோடைக்காலத்தில் காணலாம். அருகே வந்ததும் அப்புழுதிக்குள்ளிருந்து ஆடுகளின் குரல் எழும். முன்னே ஒருவர் கோலூன்றி நடப்பார். பின்னே ஒருவர் சீழ்க்கை ஒலித்து வருவார். இடையே நூற்றுக்கணக்கான செம்மறியாடுகள் தலைகவிழ்ந்து, ஒன்றையொன்று ஒட்டி நடந்து வரும். கொல்லையின் ஒரு பகுதியில் அவை வந்து நின்றதும், சுற்றிலும் படலோ வலையோ கட்டப்படும். இருள் பரவும், ஆடுகள் படுத்து அசைபோடத் தொடங்கும். மறுநாட் காலை அவை எழுந்து செல்லும்போது, அவை கிடந்த நிலம் எருவால் போர்த்தப்பட்டிருக்கும். இவ்வாறு ஆடுகளை இரவில் வயலில் தங்கவைப்பதையே உழவர் 'கிடை போடுதல்' என வழங்குவர்.

காண்பவர்க்கு இஃது எளிய செயலாகத் தோன்றும். ஆட்டை ஓட்டி வருவதும், அடைப்பதும், விடிந்ததும் அவிழ்த்துவிடுவதும் யார்க்கும் இயலும் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், அவ்வோர் இரவு நலமாகக் கழிவதற்குப் பின்னால் பல வார முன்னேற்பாடு இருக்கின்றது. ஆட்டையும் ஆயத்தப்படுத்த வேண்டும். ஆட்டோடு செல்லும் இளையோரையும் ஆயத்தப்படுத்த வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், விடியும்போது கிடையில் ஓர் ஆடு குறைந்திருக்கும்.

கிடை தமிழர்க்குப் புதியதன்று. காடும் காடு சார்ந்த இடமுமாகிய முல்லை நிலத்தில் ஆயரும் இடையரும் வாழ்ந்த வாழ்வைச் சங்க நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், முள்வேலி சூழ்ந்து எரு மிகுந்து கிடக்கும் ஆட்டுத் தொழுவமும் அதனை ஒட்டிய இடையர் குடிசையும் காட்சியளிக்கின்றன. சோழர் காலத்திலோ, கோயிலில் அணையாது எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்தனர். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. ஆடு சாகாதோ, மூப்படையாதோ என்று ஐயுற வேண்டா. செத்ததற்கு ஈடாகப் பிறந்த குட்டியை வைத்து, மந்தையின் தொகை குறையாமற் காப்பதே அச்சொல்லின் பொருள். பிறர் பொருளைக் குறையாமற் காத்தல் என்னும் அறம் இடையர் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆலங்குடி வட்டாரத்துக்குக் கிடை ஏன் இன்றியமையாதது என்பதை அந்நிலமே கூறும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. மழை பெய்தால் அவை நிரம்பும்; பொய்த்தால் வறண்டு கிடக்கும். நிலத்தின் பெரும்பகுதி செம்மண். செம்மண் காற்றோட்டம் உடையது, வேர் எளிதில் இறங்கும், நிலக்கடலைக்கு ஏற்றது. ஆனால் அதில் மக்கிய தழைப்பொருள் குறைவு. பெய்த நீரை நெடுநாள் தேக்கிவைக்கும் ஆற்றலும் குறைவு. எரு சேரச்சேர மண்துகள்கள் ஒன்றோடொன்று இணங்கும், ஈரம் நிற்கும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்கும். உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று திருக்குறளின் உழவு அதிகாரம் கூறுவது இத்தகைய நிலத்துக்கு முற்றும் பொருந்தும்.

எருக்களிலும் வேறுபாடு உண்டு. 'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்பது உழவர் பழமொழி. ஆட்டுப் புழுக்கை விரைவில் பயிருக்குப் பயன்படும். மாட்டுச் சாணம் மெல்ல மக்கிப் பின்னர்ப் பயன் தரும் என்பது இதன் கருத்து. வேளாண் அறிவியலும் இதனை உறுதி செய்கின்றது. ஆட்டெருவில் ஏறக்குறைய 3 விழுக்காடு தழைச்சத்தும், 1 விழுக்காடு மணிச்சத்தும், 2 விழுக்காடு சாம்பற்சத்தும் உள்ளன. மாட்டுத் தொழுவெருவில் உள்ள தழைச்சத்தோ அரை விழுக்காடு அளவினதே. எனவே, ஒரு டன் ஆட்டெருவில் சுமார் 30 கிலோகிராம் தழைச்சத்து இருக்கும். யூரியா உரத்தில் தழைச்சத்து 46 விழுக்காடு ஆதலால், அந்த 30 கிலோகிராம் ஏறக்குறைய 65 கிலோகிராம் யூரியாவில் உள்ள சத்துக்கு நிகர் ஆகும்.

ஆயின், எருவை வண்டியில் ஏற்றிவந்து கொட்டலாமே; ஆட்டையே வயலில் படுக்கவைப்பது எதற்கு என்னும் வினா எழலாம். ஆடு கழிக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி அதன் சிறுநீரின் வழியே வெளியேறுகின்றது. தொழுவத்தில் அடைத்தால் அச்சிறுநீர் வீணாக ஓடிவிடும். புழுக்கை மட்டுமே கைக்குக் கிட்டும். கிடையிலோ இரண்டும் ஒருங்கே மண்ணிற் சேருகின்றன. அள்ளும் கூலி இல்லை. வண்டிக் கூலியும் இல்லை. பகல் முழுதும் கரட்டிலும் புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் மேய்ந்த புல்லின் சத்தை, ஆடுகளே இரவில் வயலுக்குச் சுமந்து வந்து தருகின்றன.

கிடையின் கணக்கு எளிது. ஒரு பெரிய ஆடு நெருக்கடியின்றிப் படுப்பதற்குச் சுமார் 10 சதுர அடி இடம் வேண்டும். 200 ஆடுகளுக்கு 2,000 சதுர அடி. அஃது ஏறக்குறைய 5 சென்ட் நிலமாகும். இந்த அளவில் ஒவ்வோர் இரவும் இடம் மாற்றிக்கொண்டே போனால், ஓர் ஏக்கர் முழுவதும் கிடை பரவ இருபது இரவுகளுக்கு மேல் ஆகும். 1,000 ஆடுகள் உள்ள பெருங்கிடையோ நான்கைந்து இரவுகளிலேயே அதனை முடித்துவிடும். அதனால்தான் உழவர், 'இத்தனை ஆடு, இத்தனை இரவு' என்று முன்னரே பேசி முடிவு செய்வர். அதற்குரிய கூலி முன்னாளில் நெல்லாக அளக்கப்பட்டது. இந்நாளில் பணமாகத் தரப்படுகின்றது.

உள்ளூர் மந்தைகளேயன்றி வெளியூர் மந்தைகளும் இப்பக்கம் வருவதுண்டு. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் கோடையில் புல் கருகியதும், இடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர் பக்கங்களுக்கு வலசை வருவர். அறுவடை முடிந்த வயல்களில் தாளும் களைப்புல்லும் ஆட்டுக்கு உணவாகும். ஆடு அந்த வயலுக்கு எரு தரும். மீண்டும் உழவு தொடங்குமுன் அவர்கள் தம் ஊர் திரும்புவர். இத்தகைய கூட்டத்தின் தலைவரைக் கீதாரி என்பர். சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' என்னும் புதினமும், கி. ராஜநாராயணனின் 'கிடை' என்னும் குறும்புதினமும் ஆடு மேய்ப்போர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுந்தவை. இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், பொட்டாடு என வழங்கும் வேம்பூர் ஆடு ஆகியவை தென்மாவட்டங்களுக்கு உரிய செம்மறி இனங்கள். நெடுந்தொலைவு நடக்கவும், வறண்ட புல்லில் உயிர் வாழவும் வல்லவை அவை.

இனி, கிடைக்கு ஆட்டை ஆயத்தம் செய்யும் முறையைக் காண்போம். முதலாவது, எந்த ஆடு செல்லலாம், எது செல்லலாகாது என்று பிரித்தல் வேண்டும். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஈனும் நாள் நெருங்கிய பெட்டையை நெடுவழி நடத்துதல் தகாது. அதனை வீட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். ஈன்று ஓரிரு நாளே ஆன தாயும் குட்டியும் அத்தகையவையே. நொண்டும் ஆடு, மூக்கு ஒழுகும் ஆடு, மேயாமல் ஒதுங்கி நிற்கும் ஆடு ஆகியவற்றையும் பிரித்துவிடல் வேண்டும். நோயுற்ற ஓர் ஆட்டைச் சேர்த்து அடைத்தால், நெருங்கிப் படுக்கும் அவ்வோர் இரவே நோய் பரவுவதற்குப் போதுமானது.

ஆட்டின் வயதைப் பல்லைப் பார்த்து அறிதல் இளையோர் முதலிற் கற்கும் பாடம். செம்மறியின் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை; கீழ்த்தாடையில் எட்டுப் பற்கள் உள்ளன. குட்டியின் பாற்பற்கள் சிறியவை. ஒன்று முதல் ஒன்றரை ஆண்டில் நடுவில் உள்ள இரண்டு பாற்பற்கள் விழுந்து, பெரிய பற்கள் முளைக்கும். இரண்டாம் ஆண்டளவில் நான்கு, மூன்றாம் ஆண்டளவில் ஆறு, நான்காம் ஆண்டளவில் எட்டு என அவை பெருகும். பற்கள் தேய்ந்து விழத் தொடங்கிய கிழட்டாடு தாளை நன்கு கடிக்க இயலாது. அது மந்தையோடு நடந்து நலிவதினும் வீட்டில் தீவனம் தின்பதே நன்று.

இரண்டாவது, நோய்த்தடுப்பு. இதனைக் கிடைக்குப் புறப்படும் நாளன்று செய்வதிற் பயனில்லை. தடுப்பூசி போட்டபின் உடல் எதிர்ப்பாற்றலைப் பெற இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, ஆட்டம்மை, நீலநாக்கு நோய் ஆகியவை மந்தைகளைச் சூறையாடும் நோய்கள். ஆட்டுக்கொல்லி நோய் 1942-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் மேற்குக்கரையிலுள்ள ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அது முதன்முதல் வெளிப்பட்ட இடம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. 1987-ஆம் ஆண்டில் விழுப்புரம் பகுதியின் அரசூர் என்னும் சிற்றூரில் அது கண்டறியப்பட்டது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கடுங்காய்ச்சல், கழிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். 2030-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை உலகிலிருந்தே ஒழித்தல் வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் குறிக்கோள் கொண்டுள்ளன. அக்குறிக்கோள் நிறைவேறுவது ஒவ்வொரு சிற்றூரின் மந்தையையும் பொறுத்தது.

துள்ளுமாரியின் தன்மை வேறு. மழைக்குப்பின் முளைத்த இளம்புல்லை ஆடு மிகுதியாக மேய்ந்தவிடத்து, குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சைச் சுரக்கும். மாலையில் துள்ளித் திரிந்த கொழுத்த ஆடு காலையில் இறந்து கிடக்கும். ஆதலால் மழைக்காலத்துக்கு முன்பே இதற்குத் தடுப்பூசி போடுதல் வேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் மருத்துவர் கூறும் அளவில் கொடுத்தல் வேண்டும். வழியில் ஆடு நோயுற்றால், 1962 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம்.

மூன்றாவது, குளம்பும் அடையாளமும். வளர்ந்து மடிந்த குளம்பை அளவாக வெட்டிச் சீர்செய்யாவிட்டால், இரண்டு கல் தொலைவிலேயே ஆடு நொண்டும். குளம்பின் இடுக்கில் முள்ளோ கூழாங்கல்லோ சிக்கியிருப்பின் அகற்ற வேண்டும். பல வீட்டு ஆடுகள் ஒரே கிடையிற் சேருவதால், ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் அடையாளத்தை இடுவர். சிலர் காதில் சிறு வெட்டு வைப்பர். சிலர் முதுகில் சாயம் பூசுவர். அடையாளம் தெளிவாக இருந்தால் பூசலுக்கு இடமில்லை.

நான்காவது, பழக்கம். ஆட்டுக்குக் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்துள்ளன. கண்மணி கிடைக்கோடாக நீண்டிருக்கும். ஆகவே தலையைத் திருப்பாமலே அது பக்கங்களையும் பின்புறத்தின் பெரும்பகுதியையும் காண வல்லது. பின்னால் ஒருவர் ஓடிவந்தால் அது மிரளும். ஓர் ஆடு மிரண்டு ஓடின், மந்தை முழுவதும் அதன் பின்னே ஓடும். புதிய ஆட்டைத் திடீரெனக் கிடைக்குக் கொண்டுசென்றால் அது வலையைக் கண்டு மருளும். எனவே பத்து நாளைக்கு முன்பிருந்தே வீட்டருகில் வலை கட்டி, மாலைதோறும் அதனுள் அடைத்துப் பழக்க வேண்டும். மேய்ப்பவர் குரலும் சீழ்க்கையும் அதன் செவிக்குப் பழக வேண்டும். நாள்தோறும் நடக்கும் தொலைவையும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் நலம்.

இனி, உடன்செல்லும் இளையோரின் ஆயத்தம். கிடைக்குச் செல்வோர் கொண்டுசெல்லும் பொருள்கள் சில: கைக்கோல், துறட்டி, கம்பளி, மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் சாக்குக் கொங்காணி, தூக்குச்சட்டி, தண்ணீர்க் குடம், கயிறு, மின்கைவிளக்கு, புண்ணுக்கு இடும் மருந்து. ஆனால் இவற்றினும் இன்றியமையாதவை கண்ணும் செவியும் பொறுமையுமே.

முதலில் எண்ணக் கற்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மந்தையை எண்ணுதல் அரிது. வலையில் ஒரு சிறுவழி விட்டு, ஆடுகள் அதன் வழியே நுழையும்போது எண்ணுதலே முறை. ஒருவர் எண்ண, மற்றொருவர் நூறு ஆனதும் ஒரு கல்லை எடுத்து வைக்கலாம். மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை. இரண்டு எண்ணும் ஒத்திருந்தாலன்றிக் கிடையை விட்டு நகர்தல் ஆகாது. 'ஏறக்குறைய சரியாக உள்ளது' என்னும் விடை இத்தொழிலில் செல்லாது. அந்த ஒன்று யாரோ ஓர் ஏழை வீட்டின் முதலாக இருக்கும்.

அடுத்து, எதனை மேயவிடலாகாது என்பதை அறிய வேண்டும். சோளத்தின் இளம்பயிரிலும் வாடிய பயிரிலும் நஞ்சு உண்டு. அதனை மேய்ந்த ஆடு சிறிது நேரத்தில் துடித்து விழும். அறுவடைக் களத்தில் சிந்திக் கிடக்கும் நெல்மணியை ஆடு ஆவலோடு தின்னும். மிகுதியாகத் தின்றால் வயிற்றில் புளிப்பு ஏறி உயிருக்கு இடர் நேரும். பூச்சிமருந்து தெளித்த வயல் இந்நாளில் பெரிய இடர். ஆதலால், வயலுக்கு உரியவரிடம் 'மருந்து தெளித்தீரா? எப்போது தெளித்தீர்?' என்று கேட்டறியாமல் ஆட்டை இறக்கலாகாது. விடியற்காலைப் பனியில் நனைந்த புல்லில் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறியிருக்கும். பனி உலர்ந்தபின் மேயவிடுதலே தக்கது. முன்னோர் பட்டறிவால் கண்டதை அறிவியல் இன்று காரணம் காட்டி விளக்குகின்றது.

பேச்சிலும் பழக்கம் வேண்டும். உழவரைக் கண்டால் வணக்கம் கூறி, 'ஐயா, எந்த மூலையில் கிடை போட வேண்டும்?' என்று கேட்பது முறை. அடுத்தவர் வரப்பைத் தாண்டி ஓர் ஆடு சென்றாலும் அதனைத் திருப்புவது மேய்ப்பவர் கடமை. தென்னங்கன்று, மல்லிகைச் செடி, வாழை ஆகியவை ஆலங்குடிப் பக்கத்தில் பலருடைய வாழ்வு. ஒரு குடும்பம் பல மாதம் பாடுபட்டதை ஓர் ஆடு சிறு பொழுதில் கடித்துவிடும். அவ்வாறு நேர்ந்துவிட்டால், ஒளிக்காமல் உரியவரிடம் சென்று சொல்லுதலே இடையர் மரபு. ஒளித்தவருக்கு மறுமுறை அவ்வூரில் கிடை கிடையாது.

கிடை போடும் இடத்தைத் தேர்வதும் ஒரு கலை. தாழ்ந்த இடத்தில் போட்டால் இரவு மழையில் நீர் தேங்கும்; ஆடுகள் ஈரத்தில் நின்று நடுங்கும். கண்மாயின் உட்பகுதி ஆகாது. தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தடியில் இடி விழும் இடர் உண்டு. நெடுஞ்சாலைக்கு அருகிலும் கிடை தகாது. சற்று மேடான, கண்ணாடித் துண்டும் முள்ளும் அற்ற, நீர்நிலை அருகில் உள்ள இடமே ஏற்றது. பொழுது சாய்வதற்கு முன்பே ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட வேண்டும். வயிறு நிறைந்த ஆடே இரவில் அமைதியாகப் படுத்து அசைபோடும். பசித்த ஆடு வலையை முட்டும்.

இரவில் குட்டிகளைத் தாயிடம் பாலூட்டவிட்டு, பின்னர்க் குடாப்பு எனப்படும் கவிழ்த்த பெரிய கூடையினுள் அடைப்பர். பெரிய ஆடுகள் மிதிக்காமலும், நரியும் நாயும் கவ்வாமலும் அவை அங்கே பத்திரமாக இருக்கும். வேப்பந்தழையைப் புகையவிட்டுக் கொசுவையும் சிற்றீக்களையும் விலக்குவர். நீலநாக்கு நோயைப் பரப்புவன அச்சிற்றீக்களே. காவலை யாமம் பிரித்துக்கொள்வர். முதிர்ந்தோர் ஒருவர் இன்றி இளையோர் மட்டும் கிடையில் தங்குதல் ஆகாது. படுத்திருந்த ஆடுகள் எல்லாம் ஒருங்கே எழுந்து ஒரே திசையை நோக்கி நின்றால், அங்கே ஏதோ வருகின்றது என்று பொருள். நாய் குரைக்கும் முன்பே ஆடுகள் அதனைக் காட்டிவிடும். கூச்சலிட்டு ஓடாமல், விளக்கைக் காட்டி, பழகிய குரலில் ஆட்டை அமைதிப்படுத்துவதே காவலரின் திறம். இரவெல்லாம் உறங்காதிருந்து விடியலில் எண்ணிப் பார்த்து, மாலைக் கணக்கும் காலைக் கணக்கும் ஒன்றாக இருப்பதைக் காணும் இளைஞன் பெறும் மகிழ்ச்சி சிறிதன்று.

ஆடுகள் அகன்றபின் உழவரின் வேலை தொடங்கும். எருவை வெயிலில் நெடுநாள் காயவிட்டால் தழைச்சத்தின் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றிற் கலந்துவிடும். ஆதலால் விரைவில் மேலாக உழுது மண்ணோடு கலத்தல் வேண்டும். அடுத்த பருவத்தில் கடலைச் செடி கரும்பச்சையாய்த் தழைக்கும்போது, கிடை கிடந்த பகுதியைத் தொலைவிலிருந்தே சுட்டிக்காட்டலாம்.

இவ்வளவு நலம் தரும் தொழிலில் ஒரு பெருங்குறையும் புகுந்ததுண்டு. வறுமையுற்ற குடும்பங்கள் சிறு கடனுக்கு ஈடாகத் தம் பிள்ளைகளை ஆடு மேய்க்க ஒப்படைத்த துயரம் காவிரிக் கழிமுக மாவட்டங்களில் நிகழ்ந்துள்ளது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயல், ஆலங்குடிப் பகுதி உட்பட அம்மாவட்டங்களின் தென்னந்தோப்புகளையும் வீடுகளையும் வீழ்த்தியது. அத்தகைய பேரிடரை அடுத்து வறுமை பெருகுங்கால் இக்கொடுமையும் தலைதூக்கும். அவ்வாறு அகப்பட்ட சிறுவர்கள் பள்ளியை இழந்தனர். தாய் தந்தையரைப் பிரிந்து வெயிலிலும் மழையிலும் வாடினர். அரசு அலுவலர்கள் அவர்களுள் பலரை மீட்டுள்ளனர். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துள்ளது. 14 வயதுக்கு உட்பட்ட சிறுவரை வேலைக்கு அமர்த்துவதை, 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் முற்றிலும் தடுக்கின்றது. பள்ளி நேரம் முடிந்தபின்னோ விடுமுறையிலோ தம் குடும்பத்துக்கு உதவுதலை அது ஏற்கின்றது. ஆகவே, சிறுவனைக் கிடைக்கு ஆயத்தம் செய்வதன் முதற்படி, அவன் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கின்றதா என்று பார்ப்பதே. விடுமுறை நாளில் தந்தையோடும் தாயோடும் சென்று தொழில் கற்கும் பிள்ளைக்குக் கிடை ஒரு பள்ளி. கடனுக்கு ஈடாகச் சென்ற பிள்ளைக்கு அது சிறை.

மந்தையில் ஆட்டின் தொகை குறையாமற் காக்கும் ஊர், பள்ளியில் பிள்ளைகளின் தொகை குறையாமற் காப்பதையும் கடமையாகக் கொள்ளல் வேண்டும். கிடையில் ஓர் ஆடு குறைந்தால் ஊரே விளக்கெடுத்துத் தேடும். வகுப்பில் ஒரு பிள்ளை குறைந்தால் அதனினும் விரைந்து தேட வேண்டாவோ?

ஆடும் நிலமும் இணைந்த இவ்வாழ்வு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இராசத்தானத்து இராய்க்கர், மராட்டியத்துத் தங்கர், கன்னட நாட்டுக் குருபர் ஆகியோரும் மந்தைகளோடு வலசை செல்வோரே. ஐரோப்பாவில் ஆல்ப்சு மலைப்பகுதியிலும் நடுநிலக்கடல் நாடுகளிலும் உள்ள வலசை மேய்ச்சலை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2019-ஆம் ஆண்டில் மானிடப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. 2026-ஆம் ஆண்டினை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போர்க்கும் உரிய உலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 7.4 கோடி செம்மறியாடுகளும், தமிழ்நாட்டில் சுமார் 45 இலட்சம் செம்மறியாடுகளும் உள்ளன. அவற்றைக் காக்கும் அறிவு நூலில் மட்டும் தங்கிவிடாமல் இளையோர் கையிலும் தங்குதல் நாட்டுக்கு நலம்.

முன்பு மேய்ச்சலாக இருந்த இடங்கள் பல இன்று வீட்டுமனைகளாகவும் வேலியிட்ட தோப்புகளாகவும் மாறிவருகின்றன. மூட்டை உரம் எளிதில் கிடைப்பதால் கிடையை மறந்த உழவரும் உண்டு. ஆயினும், மண் களைத்துப்போவதைக் கண்டவர் மீண்டும் மந்தையைத் தேடுகின்றனர். அவர்கள் தேடும்போது, நோயற்ற ஆடும் அறிவுடைய மேய்ப்பரும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். படித்த இளைஞன் ஒருவன் தடுப்பூசி நாளைக் குறிப்பேட்டில் எழுதி, பல்லைப் பார்த்து வயதறிந்து, மாலைக் கணக்கையும் காலைக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, விடுமுறை முடிந்ததும் வகுப்புக்குத் திரும்புவானாயின், கல்வியால் தொழிலும் தொழிலால் நிலமும் வளம்பெறும். இருள் விலகி, ஆலங்குடிச் செம்மண் கொல்லையில் ஆடுகள் ஒவ்வொன்றாக வலையின் சிறுவழியே வெளிவரும்போது, எண்ணிக்கை குறையாமல் எண்ணி முடிப்பதே கிடையின் வெற்றி. ஆட்டிலும் ஒன்று குறையலாகாது. பிள்ளையிலும் ஒன்று குறையலாகாது.